மேன்ஸ்ஃபீல்ட் பார்க்: பெற்ற பெண்ணை அக்கா வீட்டுக்கு அனுப்பியவளை மட்டும் ஏன் திட்டுகிறோம்?

தாழ்வாரம்

இந்த மாத வாசிப்புக்கு எடுத்த ஜேன் ஆஸ்டினின் 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' (1814) முடித்துவிட்டேன். குழுவில் வந்த குறிப்புகளையும் ஒன்றுவிடாமல் படித்தேன். எல்லோரும் கதாநாயகி ஃபேனிக்காக உருகியிருக்கிறீர்கள். மிஸஸ் நாரிஸைக் கரித்துக் கொட்டியிருக்கிறீர்கள். இரண்டும் நியாயம். ஆனால் போர்ட்ஸ்மத்தில் இருக்கிற ஃபேனியின் அம்மாவைப் பற்றி எழுதிய ஒருவர்கூட "பொறுப்பில்லாதவள்" என்பதைத் தாண்டிப் போகவில்லை. எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

பாதியில் புத்தகத்தை மூடியவர்களுக்காகக் கதை: அக்கா தங்கைகள் மூன்று பேர். மரியாவுக்கு 7,000 பவுண்டு சொத்து. அதை வைத்துச் சர் தாமஸ் பெர்ட்ரமுக்கு வாழ்க்கைப்பட்டு, லேடி பெர்ட்ரமாக நார்த்தாம்ப்டன்ஷயர் மாளிகைக்குப் போய்விடுகிறாள். மூத்தவள் பாதிரியார் நாரிஸைக் கட்டிக்கொள்கிறாள். மூன்றாமவள் ஃபிரான்சிஸ்தான் ஃபேனியின் அம்மா, மிஸஸ் பிரைஸ். அவள் வீட்டாரை எதிர்த்துக்கொண்டு, படிப்போ பணமோ செல்வாக்கோ இல்லாத ஒரு மரைன் படை லெப்டினன்டைக் கட்டிக்கொள்கிறாள். பேச்சுவார்த்தை அறுந்து 11 வருஷம். கணவன் இனிப் படைக்குப் போக முடியாத உடம்புக்காரன், ஆனால் குடிக்கும் கூட்டாளிகளுக்கும் குறைவில்லை. ஒன்பதாவது பிரசவம் நெருங்குகிறது. அப்போதுதான் மானத்தை விட்டு அக்காவுக்குக் கடிதம் எழுதுகிறாள்.

அந்தக் கடிதத்தில் அவள் என்ன கேட்டாள் என்று கவனித்தீர்களா? "என் பெண்ணை வைத்துக்கொள்" என்று கேட்கவே இல்லை. பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஞானப்பெற்றோராக இருங்கள், பத்து வயது மூத்த பையனுக்கு ஏதாவது வழி காட்டுங்கள், சர் தாமஸின் மேற்கிந்தியத் தோட்டத்தில் பின்னால் அவன் பயன்படுவானா, இவ்வளவுதான். ஒரு வருஷம் கழித்து, மூத்த பெண் ஃபேனியை எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனை மிஸஸ் நாரிஸுடையது. தகவல் போனபோது அம்மாக்காரிக்கு ஆச்சரியம்: இவ்வளவு நல்ல பையன்கள் இருக்கும்போது ஏன் பெண்ணைக் கேட்கிறார்கள்?

ஆக, ஒரு தாய் பிள்ளையைத் தள்ளிவிட்டாள் என்று நாம் படிக்கிற கதை, உண்மையில் பணக்கார வீடு தனக்கு வசதியான பிள்ளையைப் பொறுக்கி எடுத்த கதை. இதைப் பேசலாமா?

மிளகாய்ப்பொடி

அக்கா, வக்காலத்து ஜோரா இருக்கு. ஆனா போர்ட்ஸ்மத் அத்தியாயங்களை மறுபடி ஒருதடவை படிச்சுப் பாருங்க.

எட்டு வருஷம் கழிச்சுப் பொண்ணு வீட்டுக்கு வருது. அப்பா உள்ள நுழையுறார், கண்ணெடுத்துப் பாக்கல, பையனோட கப்பல் கிளம்பப் போகுதுன்னு கத்திக்கிட்டே இருக்கார். அப்புறம் இரவல் பேப்பர், வீட்ல இருக்கற ஒரே மெழுகுவத்தியையும் தன் பக்கம் வச்சுக்கிட்டுப் படிக்கறார். அம்மா ரெண்டு வார்த்தை பாசமாப் பேசுறாங்க, அதோட சரி. அப்புறம் வேலைக்காரி ரெபெக்காவைப் பத்திப் புலம்பல். சட்டி எங்க, டீ எங்க, சாவி எங்கன்னு ஒரே கூச்சல்.

வெள்ளிக் கத்தி விஷயம் இன்னும் மோசம். செத்துப்போன மேரி, சாகும்போது தன் கத்தியை சூசனுக்குக் குடுத்துட்டுப் போறா. அம்மா அதைச் செல்லக் கடைக்குட்டி பெட்சிகிட்ட குடுத்து விளையாட விடுறாங்க. செத்த பிள்ளை குடுத்ததுன்னு ஒரு மரியாதை வேணாமா? கடைசியில ஃபேனிதான் பெரியப்பா சர் தாமஸ் குடுத்த பத்துப் பவுண்டுலேர்ந்து புதுக் கத்தி வாங்கிக் குடுத்துச் சண்டையை முடிக்குது. வறுமைன்னா இதுவா? வறுமைக்கும் ஓரவஞ்சனைக்கும் என்ன சம்பந்தம்?

பழையபுத்தகம்

நல்ல இழை. கல்லூரியில் இந்த நாவலைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில் கொஞ்சம் பின்னணி தருகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

உறவினர் வீட்டில் பிள்ளை வளர்வது ஆஸ்டினுக்குக் கற்பனை அல்ல. அவருடைய குடும்பமே அப்படித்தான் உருவானது. தந்தை ஜார்ஜ் ஆஸ்டின் சிறுவயதில் பெற்றோரை இழந்து, உறவினர் தயவில் படித்துப் பாதிரியார் ஆனவர். அவருடைய அக்கா ஃபிலடெல்ஃபியாவை லண்டனில் தொப்பி தைக்கும் கடையில் தொழில் பழக விட்டார்கள். பிறகு அந்தப் பெண் 1752இல் தனியே கப்பலேறிச் சென்னைக்கு வந்தார், மாப்பிள்ளை தேடி. 1753இல் நம் கடலூரில், கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் டைசோ சால் ஹான்காக்குடன் கல்யாணம். ஜேன் ஆஸ்டினின் சொந்த அத்தை கடலூரில் கழுத்தை நீட்டினார் என்பது பலருக்குத் தெரியாது.

ஹாம்ப்ஷயரில் ஸ்டீவென்டன் பாதிரியார் இல்லத்தில் எட்டுப் பிள்ளைகள். கைக்குழந்தைக்குச் சில மாதம் பால் கொடுத்தபின், ஊருக்குள் ஒரு குடும்பத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். நடக்கவும் பேசவும் தெரிந்தபின் வீட்டுக்கு அழைத்து வருவார்கள். இடையில் பெற்றோர் போய்ப் பார்த்து வருவார்கள். எட்டுப் பேரும் இப்படித்தான். வீடு நிறைய வேறு யாருடைய பையன்களோ இருந்தார்கள், தந்தை வீட்டிலேயே தங்கவைத்துப் பாடம் நடத்திச் சம்பாதித்ததால். சொந்தக் குழந்தை வெளியே, ஊரார் பிள்ளை உள்ளே. ஜேனுக்கு ஏழு வயதில் அக்கா கஸாண்ட்ராவோடு பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே விஷக்காய்ச்சல் வந்து சாகப் பிழைத்தாள்.

இனி மூத்தவர்களில் இரண்டு பேர். எட்வர்டைப் பிள்ளையில்லாத பணக்கார உறவினர்களான நைட் தம்பதி தத்தெடுத்தார்கள். கென்ட்டில் காட்மர்ஷம், ஹாம்ப்ஷயரில் சாட்டன் என்று சொத்து அவருக்கு வந்தது. 1812இல் குடும்பப் பெயரையே நைட் என்று மாற்றிக்கொண்டார். மற்றவர் ஜார்ஜ். வலிப்பும் ஊனமும் இருந்த பிள்ளை. வேறொரு கிராமத்தில் காசு கொடுத்துப் பராமரிக்க விட்டார்கள், 1838இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். ஒரே வயிற்றில் பிறந்த இருவர் இரண்டு திசையில் வீட்டை விட்டுப் போனார்கள்.

இதில் யாரையும் அந்தக் காலம் கொடூரமானவர் என்று சொல்லவில்லை. எட்வர்டு போனதால்தான் 1809இல் விதவைத் தாய்க்கும் இரண்டு சகோதரிகளுக்கும் சாட்டன் வீடு கிடைத்தது. அந்த வீட்டில் உட்கார்ந்துதான் 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' எழுதப்பட்டது.

சாம்பல்கிளி

சார், அருமை. கடலூர்ச் செய்திக்கு ஒரு கும்பிடு.

தாழ்வாரம்

சார், நன்றி. எட்வர்டு போனதால் வீடு கிடைத்தது என்றீர்களே, அந்த ஒன்றை வைத்தே ஆஸ்டினின் நாவல்களைப் படிக்கலாம் போலிருக்கிறது. 'எம்மா'வில் ஃபிராங்க் சர்ச்சிலும் தாய் இறந்ததும் மாமன் வீட்டுக்குத் தத்துப் போனவன். அதே நாவலில் ஜேன் ஃபேர்ஃபாக்ஸ் அநாதை, கர்னல் காம்ப்பெல் வீட்டில் வளர்கிறாள். பையனுக்குச் சொத்து கிடைக்கிறது. பெண்ணுக்கு நல்ல படிப்பு கிடைக்கிறது, எதற்காக? பின்னால் இன்னொரு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாகப் போய்ப் பிழைப்பதற்காக.

மிளகாய்ப்பொடி தம்பி, நீ சொன்ன கத்தி, மெழுகுவத்தி எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே அத்தியாயங்களில் இன்னொரு பத்தியும் இருக்கிறது. ஆஸ்டின் சொல்வதன் சாரம்: மிஸஸ் பிரைஸ் இயல்பில் பணக்கார அக்கா லேடி பெர்ட்ரம் மாதிரியே. அதே சோம்பல், அதே மந்தம். மாளிகையில் வாழ்க்கைப்பட்டிருந்தால் லேடி பெர்ட்ரமைப் போலவே மதிப்பான சீமாட்டியாக இருந்திருப்பாள். ஒன்பது பிள்ளைகளைக் குறைந்த வருமானத்தில் வளர்க்க மிஸஸ் நாரிஸ்தான் பொருத்தமாக இருந்திருப்பாள்.

எவ்வளவு கறாரான கணக்கு! லேடி பெர்ட்ரம் நாள் முழுக்க சோபாவில் நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பெண்களின் படிப்பைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை, அதற்கு ஆசிரியை இருக்கிறாள், அக்கா நாரிஸ் இருக்கிறாள். அவளை நாம் யாரும் பொறுப்பில்லாத தாய் என்று சொல்வதில்லை. "பாவம், மந்தம்" என்று சிரித்துவிட்டுப் போகிறோம். அதே குணம் இரண்டு அறை வீட்டில் இருந்தால் குற்றமாகிவிடுகிறது.

நூல்பிரி

இரண்டு அறை இல்லை அக்கா, மாடியும் உண்டு, சுவர்தான் மெலிசு. ஆள் ஏறி இறங்குவதெல்லாம் கூடத்துக்குக் கேட்கும். மற்றபடி உங்கள் கட்சிதான் நான்.

ஆனால் உங்கள் வாதத்தை உடைக்கிற இடமும் நாவலில் இருக்கிறது. சர் தாமஸின் பெண்கள் மரியாவும் ஜூலியாவும். ஆசிரியை, பியானோ, பிரெஞ்சு, பூகோளம் எல்லாம் கிடைத்தது. ரோமப் பேரரசர்களை வரிசை தப்பாமல் ஒப்பிப்பார்கள். ஐரோப்பா வரைபடத்தை ஒட்டவைக்கத் தெரியாத ஃபேனியைக் கேலி செய்வார்கள். முடிவு? மரியா கல்யாணமான கொஞ்ச நாளில் வேறொருவனோடு ஓடிப்போகிறாள். ஜூலியாவும் ஓடுகிறாள், கல்யாணம் செய்துகொள்ள. மூத்த மகன் டாம் குதிரைப் பந்தயமும் கடனுமாக அலைந்து படுக்கையில் விழுகிறான். கடைசி அத்தியாயத்தில் சர் தாமஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்து யோசிக்கிறார்: நான் கண்டிப்பு, பெரியம்மா செல்லம், இரண்டுக்கும் நடுவில் பிள்ளைகள் என் முன்னால் மனத்தை மறைக்கக் கற்றுக்கொண்டார்கள், நல்லது கெட்டது எது என்று உள்ளே யாரும் ஊட்டவில்லை.

பணம் இருந்தும் வளர்ப்பு தோற்றது. அப்படியானால் வருமானம்தான் காரணம் என்று சொல்ல முடியுமா?

தாழ்வாரம்

தோற்பதிலும் வித்தியாசம் இருக்கிறதே. டாம் தோற்றால் மருத்துவர் வருகிறார், தம்பி எட்மண்ட் பக்கத்தில் உட்காருகிறான், பிழைத்து எழுந்து திருந்திவிடுகிறான். மரியா தோற்றால் தனியாக ஒரு வீடு பிடித்துப் பெரியம்மாவோடு குடியேற்றுகிறார்கள். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. போர்ட்ஸ்மத்தில் தோற்றால் மேரி. அந்தக் குழந்தை எதனால் செத்தது என்றுகூட நாவல் சொல்வதில்லை.

மிளகாய்ப்பொடி

அக்கா, இது போங்கு. குழந்தை இறப்பு அந்தக் காலத்துல எல்லா வீட்லயும்தான். அரண்மனையிலயும் செத்தாங்க.

சாம்பல்கிளி

நான் டிக்கன்ஸ் கட்சி என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் உள்ளே நுழைகிறேன். ஆஸ்டின் சிரிக்காமல் செய்ததை டிக்கன்ஸ் சிரிக்கவைத்துச் செய்தார்.

'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' (1860-61) நாவலில் மாத்யூ பாக்கெட் வீடு. மனுஷன் குடும்ப நிர்வாகம், பிள்ளை வளர்ப்பு பற்றிச் சொற்பொழிவு ஆற்றுகிறவர், புத்தகமும் எழுதியவர். வீட்டிலோ மனைவி தோட்டத்தில் உட்கார்ந்து பிரபுக்களின் வம்சாவளிப் புத்தகம் படிக்கிறாள். பிள்ளைகள் அவள் காலிலேயே தடுக்கி விழுந்து எழுந்து தானாக வளர்கிறார்கள். கைக்குழந்தை பாக்குவெட்டி மாதிரி கொட்டை உடைக்கும் கருவியை வைத்துக்கொண்டு கண்ணைக் குத்திக்கொள்ளப் பார்க்கிறது. அதைத் தடுத்த சின்ன அக்காவுக்குத்தான் திட்டு விழுகிறது. இன்றைக்குக் குழந்தை வளர்ப்பு யூடியூபர்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ என்று நினைத்துச் சிரித்தேன்.

'பிளீக் ஹவுஸ்' (1852-53) மிஸஸ் ஜெல்லிபி இன்னும் ஒரு படி மேல். ஆப்பிரிக்காவில் போரியோபூலா-கா மக்களுக்காக இரவும் பகலும் கடிதம் எழுதுகிறாள். அவளுடைய பையன் பீப்பியின் தலை வாசல் கம்பிக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. மூத்த மகள் கேடி விரலெல்லாம் மையோடு அம்மாவுக்கு எழுத்தர் வேலை. இந்தப் பாத்திரத்துக்கு ஓரளவு முன்மாதிரி கரோலின் சிஸம் என்பார்கள். சார் கடலூர் சொன்னார், நான் சென்னை சொல்கிறேன்: இந்த அம்மையார் 1830களில் மதராஸில் இருந்தவர். ஐரோப்பியச் சிப்பாய்களின் பெண் குழந்தைகளுக்காக 1834இல் இங்கே ஒரு பள்ளி தொடங்கியவர். பிறகு ஆஸ்திரேலியா போய்க் குடியேறும் பெண்களுக்காக உழைத்தார். 1850இல் லண்டனில் அவர் வீட்டுக்குப் போய்வந்த டிக்கன்ஸ், அந்தக் குழந்தைகளின் அழுக்கு முகம் கனவில் வருகிறது என்று கடிதம் எழுதினார்.

தாழ்வாரம்

கிளி, பார்த்தாயா? ஆயிரம் பேருக்கு வழி செய்தவள் வீட்டில் போய் இவர் பார்த்தது குழந்தை முகத்து அழுக்கை. அந்த வீட்டில் ஒரு அப்பாவும் இருந்திருப்பாரே, அவர் முகம் துடைத்துவிட்டால் ஆகாதா?

டிக்கன்ஸ் வீட்டுக் கதையையும் சொல்லிவிடு, நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

சாம்பல்கிளி

சொல்கிறேன், சொல்கிறேன். பத்துப் பிள்ளைகள். 1858இல் மனைவி கேத்தரினைப் பிரித்து அனுப்பினார். மூத்த மகன் மட்டும் அம்மாவோடு போனான். மற்றவர்களை வீட்டில் பார்த்துக்கொண்டது மனைவியின் தங்கை ஜார்ஜினா. பையன்களைப் பதினாறு வயதானால் கப்பலேற்றினார். வால்டர் 1857இல் இந்தியாவுக்கு, கம்பெனிப் படையில். 1863 கடைசி நாள் கல்கத்தாவில் இறந்தான், வயது 22. கடைக்குட்டி எட்வர்டை 1868இல் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியபோது ரயில் நிலையத்தில் அப்பா அழுதார். அழுதாலும் அனுப்பினார்.

ஆனால் ஒன்று. பன்னிரண்டு வயதில், அப்பா கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் இருக்க, ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டப்போன பையன் அவர். சிறையிலிருந்து அப்பா வந்தபிறகும் அம்மா அவரை அங்கேயே திருப்பி அனுப்பப் பார்த்தார். அதை அவர் சாகும்வரை மறக்கவில்லை. அவருடைய நாவலில் வருகிற தாய்மார்களை அந்தக் காயத்தோடுதான் படிக்கிறேன்.

நெறியாளர்

டிக்கன்ஸுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போகலாம். இங்கே ஆஸ்டின்.

கோண்டாவில்

எனக்கெண்டால் இந்த வழக்கு ஏன் இவ்வளவு நீளுது எண்டு விளங்கேல்லை. 83 கலவரத்துக்குப் பிறகு எங்கட யாழ்ப்பாணப் பக்கம் பதினாறு பதினேழு வயசுப் பெடியளை, காணியை ஈடு வைச்சு ஏஜென்சிக்குக் காசு கட்டி, லண்டனுக்கும் கனடாவுக்கும் அனுப்பின தாய்மார் எத்தினை பேர். போய் இறங்கினது சித்தப்பா வீடோ, மாமா வீடோ, ஒண்டுவிட்ட அண்ணன்ர வீடோ. அங்க சில இடத்தில மிஸஸ் நாரிஸும் இருந்தவ, அதையும் ஆர் இல்லையெண்டினம். அதுக்காக அனுப்பின தாயைப் பொறுப்பில்லாதவள் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது.

போர்ட்ஸ்மத் தாய் எழுதின பதிலைப் பாருங்கோ. பிள்ளை கொஞ்சம் மெலிவு, காத்து மாறினால் தேறும் எண்டு எழுதுறா. அது தள்ளிவிடுற தாயின்ர கதை இல்லை.

மிளகாய்ப்பொடி

அண்ணே, போர் வேற, இது வேற. உயிருக்குப் பயந்து அனுப்பறதும், பாரம் குறையட்டும்னு அனுப்பறதும் ஒண்ணா?

கோண்டாவில்

ஒண்டில்லை. நான் ஒண்டெண்டு சொல்லவும் இல்லை. அனுப்பின பிறகு அந்தத் தாய் என்ன நினைச்சவ எண்டு நாவல்ல ஒரு வரியும் இல்லை எண்டதைத்தான் சொல்லுறன்.

ஈரவிறகு

சண்டைக்கு நடுவில் கொஞ்சம் தண்ணீர். ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்' படித்தவர்கள் கை தூக்குங்கள். மேரி மஸ்குரோவ் தன் அக்கா ஆன் எலியட்டிடம் சொல்கிறாள்: மாமியார் வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பவே பிடிக்கவில்லை, கண்ட தித்திப்பையும் கொடுத்துக் கெடுத்துவிடுகிறார், வீட்டுக்கு வந்து வாந்தி, அழுகை. மாமியார் அதே ஆனிடம் தனியாக வந்து சொல்கிறார்: பேரன்கள் தங்கம்தான், மருமகளுக்குத்தான் வளர்க்கத் தெரியவில்லை, அளவுக்கு மேல் கேக் கொடுத்தால்தான் கொஞ்ச நேரம் அடங்குகிறார்கள். இருவரும் பஞ்சாயத்துக்கு இழுப்பது கல்யாணமாகாத ஆனை.

பையன் விழுந்து காறை எலும்பு பிசகிப் படுத்திருக்கும்போது மேரி, "தாய் மனசு தாங்காது, எனக்குப் பார்க்கவே முடியாது" என்று காரணம் சொல்லி விருந்துக்குக் கிளம்பிப்போகிறாள். இந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். 1817இல் வந்த புத்தகம்.

மிளகாய்ப்பொடி

எங்க வீட்ல கேக்குக்குப் பதில் கமர்கட். மத்தபடி காட்சி அப்படியே.

நூல்பிரி

ஈரவிறகு சொன்னதில் ஒரு விஷயம் ஒட்டியிருக்கிறது. ஆஸ்டின் நாவல்களில் பிள்ளைகளை நிஜமாகப் பார்த்துக்கொள்வது யார்? ஆன் எலியட், அத்தை அல்ல, பெரியம்மா. 'பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்'இல் கார்டினர் தம்பதி ஊர் சுற்றப் போகும்போது நாலு பிள்ளைகளையும் ஜேன் பென்னட்டிடம் விட்டுப் போகிறார்கள். மேன்ஸ்ஃபீல்டில் எட்மண்ட் ஒருவன்தான் ஃபேனியோடு உட்கார்ந்து பேசிப் படிக்கவைக்கிறான், அவனுக்கு அப்போது பதினாறு வயது. ஆஸ்டினும் அப்படி ஒரு அத்தைதான். எட்வர்டின் மனைவி எலிசபெத் 1808இல் பதினோராவது பிரசவத்தை ஒட்டி இறந்தபோது, பள்ளியிலிருந்து வந்த மூத்த பையன்கள் இருவரைச் சவுத்தாம்ப்டனில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் இவர். காகிதக் கப்பல் செய்து, ஆற்றுக்குக் கூட்டிப்போய்த் துக்கத்தை மறக்கவைத்தார்.

பெற்றோரின் பிழை நாவல் முழுக்கப் பேசப்படுகிறது. வளர்த்த பெரியம்மா, அத்தை, அக்காவுக்குச் சம்பளமும் இல்லை, பெயரும் இல்லை.

பழையபுத்தகம்

பெரியம்மா அத்தை விஷயத்தில் நூல்பிரியோடு உடன்படுகிறேன். ஆனால் ஃபேனி எடுக்கப்பட்ட விதத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் தாழ்வாரம் முதலில் வைத்த கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறது.

பிள்ளை வந்து சேரும் முன்பே சர் தாமஸ் ஒரு சிக்கலைப் பேசுகிறார். என் பெண்கள் தங்கள் தகுதியை மறக்கக் கூடாது, ஆனால் ஒன்றுவிட்ட தங்கையை இழிவாகவும் நினைக்கக் கூடாது. அவளுக்கு மனம் ஒடியக் கூடாது, ஆனால் தான் மிஸ் பெர்ட்ரம் அல்ல என்பது நினைவிருக்க வேண்டும். கொடுமைக்காரர் பேச்சல்ல இது. நிதானமான, நியாயவான் ஒருவர் போடும் சட்டதிட்டம். ஃபேனியின் மாடி அறை, அடுப்பில் நெருப்பில்லாத கிழக்கு அறை, எல்லாம் இந்தச் சட்டத்தை மிஸஸ் நாரிஸ் அமல்படுத்திய விதம்தான்.

இதற்கு நிஜ வாழ்க்கையில் ஒரு இணை இருக்கிறது. தலைமை நீதிபதி மேன்ஸ்ஃபீல்ட் பிரபு, 1772இல் சாமர்செட் வழக்கில், அடிமையை இங்கிலாந்திலிருந்து பலவந்தமாக வெளியேற்ற முடியாது என்று தீர்ப்பளித்தவர். அவருக்குப் பிள்ளை இல்லை. லண்டனுக்கு அருகே கென்வுட் மாளிகையில் இரண்டு பெண்களை வளர்த்தார். ஒருத்தி அண்ணன் வழிப் பேத்தி முறை லேடி எலிசபெத் மர்ரே. மற்றவள் டைடோ எலிசபெத் பெல், 1761இல் பிறந்தவள். தந்தை மேன்ஸ்ஃபீல்டின் மருமகன் முறையுள்ள கடற்படை அதிகாரி ஜான் லிண்ட்சே, தாய் அடிமைப்பட்ட ஆப்பிரிக்கப் பெண் மரியா பெல். இருவரும் சேர்ந்து படித்து வளர்ந்தார்கள், ஒரே ஓவியத்தில் சேர்ந்து நிற்கிறார்கள். ஆனால் 1779இல் அங்கே விருந்துக்குப் போன ஒருவர் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்: டைடோ சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை, சாப்பாடு முடிந்தபின்தான் வந்து பெண்களோடு உட்கார்ந்தாள். 1793இல் பிரபு இறந்தபோது உயிலில் எலிசபெத்துக்கு 10,000 பவுண்டு. டைடோவுக்கு 500 பவுண்டும் ஆண்டுக்கு 100ம், கூடவே அவள் சுதந்திரமானவள் என்ற உறுதிமொழியும். அன்போடு வளர்த்த பெண்ணுக்கு அந்த வரி தேவைப்பட்டது.

கல்யாணமாகிக் கென்ட்டில் குடியிருந்த எலிசபெத்தை ஆஸ்டின் சந்தித்திருக்கிறார், கடிதங்களில் பெயர் வருகிறது. நாவலின் தலைப்பு இந்த நீதிபதியை நினைத்து வைத்தது என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அதை நிரூபிக்க வழியில்லை.

சர் தாமஸின் வருமானத்தில் ஒரு பகுதி ஆன்டிகுவா தோட்டத்திலிருந்து வருகிறது. அடிமை வியாபாரம் 1807இல் தடையானது, அடிமைமுறை தொடர்ந்தது. ஃபேனி பெரியப்பாவிடம் அடிமை வியாபாரம் பற்றிக் கேட்கிறாள். அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தத் தோட்டங்களில் பிறக்கும் குழந்தை தாயுடையது அல்ல, எசமானுடையது. மிஸஸ் பிரைஸுக்காவது கடிதம் எழுதிச் சம்மதம் கேட்டார்கள்.

ஈரவிறகு

சார், கடைசி வாக்கியத்தை மூன்று தடவை படித்தேன்.

தாழ்வாரம்

சார், நான் தேடிக்கொண்டிருந்ததே இதுதான். இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஃபேனியைப் பதினெட்டு வயதில் போர்ட்ஸ்மத்துக்கு ஏன் அனுப்புகிறார் சர் தாமஸ்? பாசத்தினாலா? பணக்காரன் ஹென்ரி கிராஃபோர்டைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று அவள் மறுத்துவிட்டாள். கொஞ்ச நாள் பிறந்த வீட்டு இல்லாமையை அனுபவித்தால் புத்தி வரும் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறார். அதை மருந்து என்றே ஆஸ்டின் சொல்கிறார். அப்படியானால் பெற்றவள் வீடு அவருக்குத் தண்டனை கொடுக்கிற இடம். அந்தக் கண்ணாடியைத்தான் நாமும் போட்டுக்கொண்டு மிஸஸ் பிரைஸைப் பார்க்கிறோம்.

மிளகாய்ப்பொடி

கண்ணாடி பெரியப்பாவோடதுன்னே வச்சுக்குவோம். ஆனா ஃபேனியும் அதையேதானே பாக்குது? அம்மா ஓரவஞ்சனை, சோம்பேறி, வீட்டை நடத்தத் தெரியாதவங்கன்னு மனசுக்குள்ள தீர்ப்பு எழுதுறது ஃபேனி. பெத்த பொண்ணு.

தாழ்வாரம்

எட்டு வருஷம் மாளிகையில் வளர்ந்த பெண். டீக் கோப்பை சுத்தமாக இல்லை என்று சாப்பிட முடியாமல், கடையில் பிஸ்கட்டும் பன்னும் வாங்கிவரச் சொல்லி ரகசியமாகத் தின்கிறாள். அவளால் அந்த வீட்டை வேறு எப்படிப் பார்க்க முடியும்? தீர்ப்பு ஃபேனியுடையது, மூக்கு மேன்ஸ்ஃபீல்டுடையது.

நூல்பிரி

அப்படியானால் முடிவுக்கு என்ன சொல்வீர்கள் அக்கா? மரியா ஓடிப்போய் வீடு கலங்கியதும் ஃபேனியை அழைக்க எட்மண்ட் வருகிறான். சூசனையும் கூட்டிவரச் சொல்லி உத்தரவு. தாயும் தகப்பனும் சந்தோஷமாகச் சம்மதிக்கிறார்கள். ஃபேனிக்குக் கல்யாணமானதும் அவள் இருந்த இடத்தில் சூசன், லேடி பெர்ட்ரமுக்கு நூல் சிக்கெடுத்துக்கொண்டு.

மிளகாய்ப்பொடி

அதான் அதான்! ரெண்டாவது பொண்ணையும் சிரிச்ச முகத்தோட அனுப்பியாச்சு. இப்ப பேசுங்க.

தாழ்வாரம்

பேசுகிறேன். சூசனுக்குப் பதினாலு வயது. வீட்டைச் சீர்படுத்தப் பார்த்து, கத்திக் கத்தி, ஒருவரும் கேட்காமல் தினமும் தோற்றுக்கொண்டிருந்த பெண். அங்கேயே இருந்தால் அவளுக்கு என்ன கிடைத்திருக்கும்? ஏதாவது ஒரு லெப்டினன்ட். அம்மாவுக்கு அது தெரியாதா? தன் கதையே அதுதானே.

சந்தோஷமாக அனுப்பினாள் என்பதை நீ அலட்சியம் என்று படிக்கிறாய். நான் பெண்ணுக்கு வழி பிறந்த நிம்மதி என்று படிக்கிறேன். ஆஸ்டின் இரண்டில் எது என்று சொல்லவில்லை, சொல்ல அக்கறையும் படவில்லை. அந்த அக்கறையில்லாமைதான் எனக்கு இந்த நாவலோடு இருக்கிற தகராறு. மிஸஸ் நாரிஸுக்கே கடைசியில் ஒரு முழுப் பத்தி கொடுத்தவர்.

கோண்டாவில்

பெட்சிக்கு இப்ப அஞ்சு வயசு. இன்னும் அஞ்சு வருசத்தில சூசனுக்குக் கல்யாணம் முடிஞ்சால் அடுத்த கடிதம் போர்ட்ஸ்மத்துக்கு வரும். அவள் கத்தியோட போவாள்.

சாம்பல்கிளி

பெட்சி போனால் லேடி பெர்ட்ரமின் நாய்தான் பாவம்.

நெறியாளர்

அடுத்த மாதம் 'எம்மா'. ஜேன் ஃபேர்ஃபாக்ஸ் பற்றித் தாழ்வாரம் முன்னால் எழுதியதை அந்த இழையில் எடுத்துப் போட்டிருக்கிறேன், பேச விரும்புகிறவர்கள் அங்கே வரலாம். போர்ட்ஸ்மத் வழக்கு இங்கே தொடரட்டும், பூட்டவில்லை.